அலையாடியும் முறைப் பங்கீடும்

(செட்டியார்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேற்கே மலைத்தொடர் எழுந்து நிற்க, கிழக்கே கண்மாய்களும் அவற்றுக்கு அப்பால் கரிசல் நிலமும் பரந்து கிடக்க, நடுவே தன் உழைப்பு ஒன்றையே முதலாகக் கொண்டு வளர்ந்த இந்தச் செட்டியார்பட்டியில், கம்பியில்லாச் செய்தித் தொடர்பின் மிகப் புதிய சாஸ்திரம் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விஷயம் புதியது, கண்ணுக்குத் தெரியாத அலைகளைப் பற்றியது, கணிதம் நிறைந்தது. ஆயினும் அதனுள் பொதிந்திருக்கும் கேள்வி, நம் முன்னோர் கண்மாய்க் கரையில் நின்று ஆண்டுதோறும் தீர்த்து வைத்த கேள்விதான். இருப்பது ஒன்று, வேண்டுவோர் பலர், எப்படிப் பங்கிடுவது?

செல்போன் கோபுரத்திலிருந்து வரும் அலையை வாங்கி, நாம் விரும்பும் திசைக்குத் திருப்பி அனுப்பும் ஒரு பலகை உண்டு. இன்டெலிஜென்ட் ரிஃப்ளெக்டிங் சர்ஃபேஸ் என்பது விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர். அறிவார்ந்த பிரதிபலிப்புப் பரப்பு என்று தமிழில் சொல்லலாம். இன்றைய பேச்சுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை அலையாடி என்றே அழைக்கப் போகிறேன். ஓர் அலையாடியைக் கொண்டு ஒருவருக்கு உதவுவது எப்படி என்பது இன்று உலகம் அறிந்த சங்கதி. ஓர் அலையாடியைக் கொண்டு ஓர் ஊருக்கே உதவுவது எப்படி? அதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். பிறகு மருந்துக்கு வருவோம். தேவதானத்துக்கு மேற்கே, சாஸ்தா கோயில் அணையை நோக்கிச் செல்லுங்கள். அல்லது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பை நோக்கி, சாம்பல்நிற அணில்களின் சரணாலயம் தொடங்கும் அந்த அடிவாரத்துக்குச் செல்லுங்கள். மலை நெருங்க நெருங்க, கையிலிருக்கும் செல்போனில் அலைவரிசையைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைவதைக் காண்பீர்கள். கோபுரம் பழுதாகிவிட்டதா? இல்லை. உங்கள் போன் பழையதாகிவிட்டதா? அதுவும் இல்லை. இடையில் ஒரு குன்றின் தோள் வந்து நிற்கிறது. அதன் நிழலில் நீங்கள் நிற்கிறீர்கள். வெயிலுக்கு நிழல் இருப்பதைப் போலவே ரேடியோ அலைக்கும் நிழல் உண்டு.

அந்த நிழலின் அடர்த்தி எல்லா அலைக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் 5ஜி சேவை தொடங்கிற்று. அதற்கு முன் ஏலத்தில் விடப்பட்ட அலைக்கற்றைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் என்பது ஒன்று. அதன் அலைநீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். அது தடையின் விளிம்பில் ஓரளவு வளைந்து மறுபுறம் இறங்க வல்லது. 3,500 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையின் நீளம் எட்டரைச் சென்டிமீட்டர் அளவே. அது அத்தனை வளைவதில்லை. 26 கிகாஹெர்ட்ஸ் அலையோ பதினொன்றரை மில்லிமீட்டர். ஒரு சுவர் போதும், ஒரு வேப்பமரத்தின் அடர்ந்த தழை போதும், அது சோர்ந்துவிடும். எந்த அலை மிகுதியான செய்தியைச் சுமக்கிறதோ, அந்த அலையே தடையைக் கண்டு மிகுதியாகத் தளர்கிறது. இது இயற்கையின் நியதி.

அப்படியானால் நிழல் விழும் இடந்தோறும் ஒரு கோபுரம் நட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சேவையே எட்டாத கிராமங்களுக்கு அதுதான் வழி. அதற்கென்றே மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூலையில், 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை கொண்டு செல்ல 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் ஒரு கோபுரம் என்றால் நிலம் வேண்டும், மின்சாரம் வேண்டும், செய்தியைக் கொண்டுவரும் கண்ணாடி இழை வேண்டும், மின்சாரம் நின்றால் பாட்டரியோ டீசலோ வேண்டும். ஒரு தெருவின் நிழலுக்கும் ஒரு குன்றின் மடிப்புக்கும் இத்தனையும் செய்ய எந்தக் கம்பெனி முன்வரும்? அங்கேதான் பிரதிபலிப்பு என்னும் யோசனை பிறக்கிறது.

யோசனை இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1895-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், மில்லிமீட்டர் அளவேயான குறுகிய அலைகளை உண்டாக்கி, அவை ஒளியைப் போலவே பிரதிபலிக்கும், விலகும் என்று பிரத்தியட்சமாகக் காட்டினார். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்க மலைப் பிரதேசங்களில் மைக்ரோவேவ் தொலைத்தொடர்புத் தடங்களை மலை முகட்டைத் தாண்டிக் கொண்டுசெல்ல, பெரும் உலோகப் பலகைகளைச் சாய்த்து நிறுத்தினார்கள். மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து வந்த அலை பலகையில் பட்டு மறு பக்கம் இறங்கிற்று. அந்தப் பலகைகள் ஊமைப் பலகைகள்தாம். ஒரு திசையிலிருந்து வாங்கி ஒரு திசைக்கே கொடுக்கும். இன்றைய அலையாடிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று: அசையாமல் நின்றபடியே இது திசை மாற்ற வல்லது.

எப்படி மாற்றுகிறது? சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இங்கே சாஸ்திரத்தின் உயிர் இருக்கிறது. அலையாடியின் முகத்தில் சிறு சிறு உலோகச் சில்லுகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சில்லுக்கும் அடுத்த சில்லுக்கும் இடைவெளி அரை அலைநீளம். ஒவ்வொரு சில்லோடும் ஒரு டயோடு பிணைந்திருக்கிறது. டயோடுக்குச் சிறிது மின்னழுத்தம் கொடுத்தால், அந்தச் சில்லில் பட்டுத் திரும்பும் அலை சற்றுத் தாமதித்துத் திரும்பும்; கொடுக்காவிட்டால் தாமதியாமல் திரும்பும். அலையின் ஏற்ற இறக்கத்தை இவ்வாறு முன்பின்னாகத் தள்ளுவதைக் கட்டம் மாற்றுதல் என்பார்கள். எல்லாச் சில்லுகளிலிருந்தும் புறப்படும் சிற்றலைகள் ஓரிடத்தில் ஒரே கட்டத்தில் வந்து சேருமாறு தாமதங்களை அமைத்துவிட்டால், அந்த இடத்தில் அலை ஓங்கி எழும். வேறு இடத்தில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பலகை திரும்பவில்லை, ஆயினும் அலை திரும்பிற்று!

3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டர் பலகை செய்தால், பக்கத்துக்கு 23 வீதம் 529 சில்லுகள் பதிக்கலாம். 26 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதே ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 30,000 சில்லுகள் அடங்கும். பெருக்கும் கருவி எதுவும் அதில் இல்லை. ஆகவே மின்செலவு மிகச் சொற்பம். தன் சொந்த இரைச்சலையும் அது சேர்ப்பதில்லை. டயோடுகள் இரண்டே நிலைகளை அறிந்தவை என்றால், சரிநுட்பமான தாமதம் அமைந்தால் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு நாற்பது பங்கு கிடைக்கும். நான்கு நிலைகளை அறிந்தவை என்றால் எண்பத்தொரு பங்கு. மலிவான கருவியைக் கொண்டே இத்தனை கிடைப்பது விசேஷமல்லவா?

இன்னொரு விசேஷம் உண்டு. அதை மறவாமல் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் அடிக்கடி வேண்டியிருக்கும். 500 சில்லுகளின் சிற்றலைகள் ஒரே கட்டத்தில் வந்து சேர்ந்தால், அலையின் உயரம் 500 மடங்கு. சக்தி என்பது உயரத்தின் வர்க்கமாதலால், சக்தி 500-ஐ 500-ஆல் பெருக்கிய 2,50,000 மடங்கு. அவையே ஒழுங்கில்லாமல், மனம்போன கட்டத்தில் வந்து சேர்ந்தால்? சராசரியாக 500 மடங்கே. ஒழுங்குக்கும் ஒழுங்கின்மைக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்! சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் சிங்சிங் வூ, ரூய் சாங் என்னும் இருவர் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, இந்த வர்க்க விதியை உலகம் முழுவதும் பேச வைத்தது.

ஆனால் நல்ல செய்தியோடு கசப்பான செய்தியும் உண்டு. கோபுரத்திலிருந்து பலகைக்கு ஒரு பயணம்; பலகையிலிருந்து உங்கள் போனுக்கு ஒரு பயணம்; இரண்டிலும் அலை தேய்கிறது, அத்தேய்வுகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. கோபுரத்துக்கும் உங்களுக்கும் இடையே ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பலகையைச் சரியாக நடுவில் நிறுத்தினால் என்ன கிடைக்குமோ, அதைவிடச் சுமார் 28 மடங்கு சக்தி, அதே பலகையை உங்கள் வீட்டுக்கு ஐம்பது மீட்டர் தொலைவில் நிறுத்தினால் கிடைக்கும். நடுவழி என்பது இங்கே மிக மோசமான ஸ்தானம். கோபுரத்தை அண்டி நில், அல்லது குடிமக்களை அண்டி நில் என்பதே அலையாடிக்குரிய விதி.

இவையெல்லாம் காகிதத்திலேயே நின்றுவிட்டனவா? இல்லை. ஜப்பானின் டோகோமோ கம்பெனி 2018-ஆம் ஆண்டிலேயே டோக்கியோவில் 28 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பிரதிபலிப்புப் பலகை கொண்டு திருப்பிச் சோதித்தது. 2020-ஆம் ஆண்டு, ஏ.ஜி.சி. என்னும் கண்ணாடிக் கம்பெனியோடு சேர்ந்து, ஊடே பார்க்கக்கூடிய தெளிந்த பலகையையும் செய்து காட்டியது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமாகிய எட்சி, 2021-ஆம் ஆண்டு இதற்கெனத் தனிக் குழு அமைத்தது. ஆயினும் 5ஜியின் உலகத் தரங்களை வகுப்போர், தங்கள் பதினெட்டாம் வெளியீட்டில், அலையைப் பெருக்கி அனுப்பும் கட்டுப்பாடுள்ள ரிப்பீட்டருக்கே இடம் தந்தார்கள்; அலையாடிக்குத் தரவில்லை. ஆகவே இது 6ஜி காலத்துக்கான சாதனமாகவே இன்று எண்ணப்படுகிறது. நம் நாட்டின் பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணம் 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியாயிற்று. காலம் இருக்கிறது, தரங்கள் எழுதப்படும்போது நம் ஊர்களின் தேவையும் அதில் எழுதப்படவேண்டும் என்ற ஆசையே என்னை இம்மேடைக்கு அழைத்து வந்தது.

இனி மூலக் கேள்விக்கு வருவோம். நான் இதுவரை சொன்ன வர்க்க விதி, 2,50,000 மடங்கு, எல்லாம் யாருக்கு? ஒரே ஒருவருக்கு! பலகை முழுதும் அவருடைய போனை நோக்கியே தாமதங்களை அமைத்து நின்றால்தான் அது. தளவாய்புரத்தில் தைத்த உடைகளின் படங்களை வெளியூர் வியாபாரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவர், முகவூரில் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, சேத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் தாயாருடன் நின்று ஆம்புலன்ஸை அழைக்கும் மகன், இவர்கள் எல்லாரும் ஒரே பலகையின் எல்லைக்குள் இருந்தால் பலகை யார் பக்கம் முகம் காட்டும்? ஒருவருக்குப் பொருந்திய தாமத அமைப்பு மற்றவருக்குப் பொருந்தாது. ஒருவருடைய இடத்தில் ஓங்கும் அலை, அடுத்தவர் இடத்தில் அடங்கும்.

கண்மாய்ப் பாசனத்தை அறிந்த பெரியோர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மடை ஒன்று, வயல்கள் பல. இரண்டு வழிகள் உண்டு. மடை நீரை வாய்க்கால் தோறும் பிரித்து எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் சிறிது சிறிதாக விடலாம். அல்லது முறை வைத்து, இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அந்த வயல் என்று முழு நீரையும் ஒவ்வொருவருக்காகத் திறந்து விடலாம். நீர் பெருகிக் கிடக்கும் கார்த்திகையில் முன்னது நடக்கும். நீர் வற்றும் மாசி, பங்குனியில் பிரித்துவிட்ட நீர் வாய்க்காலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கடைமடைக்கு ஈரம்கூட எட்டாது. அப்போது முறைத் தண்ணீரே பயிரைக் காக்கும்.

அலையாடியிலும் கணக்கு அப்படியே வருகிறது! 500 சில்லுகளை இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாகப் பகுத்தால், ஆளுக்கு 250 சில்லுகள். வர்க்க விதிப்படி ஆளுக்கு 62,500 மடங்கு. பகுக்காமல் பாதி நேரம் ஒருவருக்கும் பாதி நேரம் மற்றவருக்கும் முழுப் பலகையையும் கொடுத்தால், தன் முறை வரும்போது ஒவ்வொருவருக்கும் 2,50,000. முறை வராத நேரத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும் 1,25,000. பகுத்ததைவிட இரட்டிப்பு! பலகையைக் கூறு போடாதே, நேரத்தைக் கூறு போடு என்று கணிதம் சொல்கிறது. அலை ஏற்கெனவே வலுவாக இருக்கும் இடத்தில் இந்தத் தீர்ப்பு மாறும்; ஏனென்றால் சக்தி இருமடங்கானாலும் செய்தியின் வேகம் அங்கே இருமடங்காவதில்லை. அலை மெலிந்த மலையடிவாரத்திலோ, முறை வைப்பதே மேன்மை.

ஒரு சங்கடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கோபுரம் ஒரே விநாடியில் பல பேருடன் பேசுகிறது. ஒவ்வொருவருக்கும் அலைக்கற்றையில் ஒரு துண்டைக் கொடுத்துப் பேசுகிறது. கோபுரத்தால் துண்டுக்குத் துண்டு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ள முடியும். அலையாடியால் முடியாது. அந்தக் கணத்தில் அதற்கு ஒரே முகம். எல்லாத் துண்டுகளுக்கும் அதே முகம். ஆகவே அலையாடி இருக்கும் இடத்தில், யாரை யாருடன் சேர்த்து ஒரே கணத்தில் அழைப்பது என்ற தேர்வே புதுக் கலையாகிவிடுகிறது. ஒரே திசையில் இருப்பவர்களைச் சேர்த்து அழைக்கலாம்; எதிர்த் திசையில் இருப்பவர்களைச் சேர்த்தால் இருவருக்கும் நஷ்டம்.

பல பேருக்கு ஒரே கணத்தில் ஒரே அலைக்கற்றையில் பேசும் கலைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் நம் கொங்கு நாட்டில் பிறந்தவர் என்பதை இவ்விடத்தில் பெருமையுடன் நினைவுகூர விரும்புகிறேன். பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கிய ஆரோக்கியசாமி பால்ராஜ், பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து, பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலையில் பல செய்தி ஓடைகளை அனுப்பும் முறைக்கு 1992-இல் காப்புரிமை கோரினார். இன்று உங்கள் கையிலுள்ள 4ஜி, 5ஜி போன்கள் அனைத்திலும் அந்த மைமோ என்னும் முறை வாழ்கிறது. 2014-ஆம் ஆண்டு மார்க்கோனி பரிசு அவரைத் தேடி வந்தது. கோபுரத்தில் பல ஆன்டெனாக்கள், எதிரே ஓர் அலையாடி, இரண்டும் கலந்து பேசினால் ஒரே கணத்தில் பலருக்கு உதவ முடியும் என்பதே இன்றைய ஆராய்ச்சியின் ஒரு பெரிய கிளை.

ஆனால் அன்பர்களே, கலந்து பேச வேண்டுமானால் அறிந்திருக்க வேண்டும். எந்தச் சில்லை எவ்வளவு தாமதிக்கச் செய்தால் அலை உங்கள் கைக்கு வந்து சேரும் என்று பலகைக்கு யார் சொல்வது? பலகைக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கோபுரம்தான், சில்லுகளை மாற்றி மாற்றிச் சோதித்து, அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். 529 சில்லுகள், 40 பேர் என்றால், எளிய முறையில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அளவீடுகள்! அதற்குள் நிலைமை மாறாமல் இருக்குமா? தென்காசிச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஒரு விநாடியை நானூறாகப் பகுத்து ஒரு கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவருடைய போன் நாலு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 3,500 மெகாஹெர்ட்ஸுக்கு அது அரை அலைநீளம். அளந்ததெல்லாம் வீண்! அளப்பதிலேயே நேரம் கழிந்தால், பேசுவதற்கு நேரம் எங்கே?

இந்த இடத்தில் ஒரு துணிகரமான யோசனை வருகிறது; எனக்கு மிகவும் பிடித்த யோசனை அதுதான். அளக்காமலே இருந்தால் என்ன?

2002-ஆம் ஆண்டில் பிரமோத் விஸ்வநாத், டேவிட் சே, ராஜீவ் லரோயா என்னும் மூவர், கோபுரத்து ஆன்டெனாக்களை முன்பின் யோசனையின்றி மாறி மாறி அசைத்துவிட்டால் போதும், ஊரில் பல பேர் இருந்தால் ஒவ்வொரு கணத்திலும் யாரோ ஒருவருக்கு அந்த அசைவு தற்செயலாகப் பொருந்திவிடும், அவருக்கே அந்தக் கணத்தில் அனுப்பிவிடலாம் என்று காட்டினார்கள். இந்தத் தத்துவத்தையே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் சந்திரா மூர்த்தியும் அவருடைய ஆய்வு மாணவரும் அலையாடிக்குக் கொண்டுவந்து, 2023-ஆம் ஆண்டு விரிவாக வெளியிட்டார்கள். பலகை தன் அமைப்பைத் தற்செயலாக மாற்றிக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு போனும், இப்போது எனக்கு அலை இத்தனை நன்றாக இருக்கிறது என்று ஒரே ஓர் எண்ணைக் கோபுரத்துக்குச் சொல்லட்டும். அதை இன்றைய போன்களே செய்துகொண்டுதான் இருக்கின்றன. கோபுரம் அந்தக் கணத்துக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கட்டும். பேர் தொகை பெருகப் பெருக, சில்லுக்குச் சில்லு அளந்து அமைத்த பலகை தரும் பயனை, ஒன்றையும் அளக்காத இந்தப் பலகை நெருங்குகிறது என்று அவர்கள் நிறுவினார்கள். கூட்டம் என்பது இதுவரை ஒரு சுமையாகவே எண்ணப்பட்டது. இந்த முறையில் கூட்டமே பலம்!

அந்தக் கணத்துக்கு உரியவர் யார் என்று எப்படித் தீர்மானிப்பது? எல்லாரையும்விட நல்ல அலை யாருக்கோ அவருக்கே என்றால், கோபுரத்துக்கு அருகில் குடியிருப்பவரே எப்போதும் வெல்வார். கடைமடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கண்மாய்க் கரையில் நீர் பங்கிடும் நீர்பாய்ச்சி இப்படிச் செய்தால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? ஒத்துக்கொள்ளாது. ஆகவே விகித நியாயம் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை, இதுவரை சராசரியாகப் பெற்றுவந்த வேகத்தால் வகுக்க வேண்டும். யாருக்கு அந்த விகிதம் பெரிதோ அவருக்கே முறை. அருகிலிருப்பவர் வழக்கமாக 100 பெறுபவர், இந்தக் கணம் அவருக்கு 110 கிடைக்கும், விகிதம் 1.1. அடிவாரத்தில் இருப்பவர் வழக்கமாக 10 பெறுபவர், பலகையின் தற்செயலான முகம் அவர் பக்கம் திரும்பியதால் இந்தக் கணம் 20 கிடைக்கும், விகிதம் 2. முறை யாருக்கு? அடிவாரத்தில் இருப்பவருக்கே! ஒவ்வொருவரும் தத்தம் நல்ல வேளையில் அழைக்கப்படுகிறார். எவரும் நிரந்தரமாகக் காத்திருப்பதில்லை. திறமையும் நியாயமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று ஒரு வகுத்தல் கணக்கு நிரூபித்துவிடுகிறது. இவ்விதி கணிதப் புத்தகத்தில் மட்டும் உள்ளதன்று; மூன்றாம் தலைமுறைச் செல்போன் காலம் தொட்டே வழக்கில் உள்ளது.

இவ்வளவு நல்ல முறை என்றால், எல்லா இடத்துக்கும் இதையே வைத்துவிடலாமா? இங்கேதான் என் அபிப்பிராயத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கூடாது. தற்செயல் என்பது பேர் தொகையை நம்பி நிற்பது. 500 சில்லுகளும் தாமாகவே ஒருவருக்குப் பொருந்தி அமைவது எத்தனை அரிது என்று எண்ணிப் பாருங்கள். சில்லுகள் கூடக் கூட, அந்த அரிய பொருத்தத்தை எதிர்பார்க்க வேண்டிய பேர் தொகையும் தலைசுற்றும் வேகத்தில் பெருகுகிறது. பெங்களூரு ஆய்வாளர்களும் இதை மறைக்கவில்லை; சிறிய கூட்டத்திலேயே பயன் விரைந்து கிட்டுவதற்கான வழிகளையும் அவர்கள் வகுத்திருக்கிறார்கள்.

ராஜபாளையத்துப் பேருந்து நிலையத்தில், ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில், பஞ்சாலை ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளிவரும் வாசலில் இந்த முறை ஜொலிக்கும். ஆனால் செண்பகத்தோப்பில், மலையை நம்பி வாழும் பளியர் குடியிருப்பில், சில வீடுகளே உள்ள இடத்தில், கூட்டம் எங்கே? தற்செயலாகத் திரும்பும் பலகை அங்கே அநேகமாகப் பாறையையும் காட்டையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு வேண்டியது வேறு. குடியிருப்பு எங்கும் நகரப் போவதில்லை, கோபுரமும் நகரப் போவதில்லை, திசை ஒன்றே. ஒரு முறை அளந்து, ஒரு முறை அமைத்து, குடியிருப்பை அண்டி நிலையாக நிறுத்திய பலகையே அங்கே போதும். டயோடுகூட வேண்டியதில்லை, ஒவ்வொரு சில்லின் அளவையும் செய்யும்போதே வேறுபடுத்தி, தாமதங்களை நிரந்தரமாகப் பதித்துவிடலாம். அமெரிக்க மலைகளில் அன்று நின்ற ஊமைப் பலகையின் பேரன் அது. ஊருக்கு அசையும் அலையாடி, காட்டுக்கு அசையாத அலையாடி! புதுமை மிகுந்தது எதுவோ அதுவே எல்லா இடத்துக்கும் உகந்தது என்று எண்ணுவதை நாம் விட்டுவிட வேண்டும்.

ஒரு சந்தேகம் சிலருக்கு எழக்கூடும். ஒரு கம்பெனி தன் சந்தாதாரர்களுக்காகப் பலகை வைத்தால், அடுத்த கம்பெனியின் அலையும் அதே பலகையில் படுமே, அவர்களுக்குக் கேடு நேராதா? நம் ஊரில் ஒரே வீட்டில் மூன்று கம்பெனிகளின் சிம்கார்டுகள் இருக்கின்றனவே? பெங்களூருப் பேராசிரியர் சந்திரா மூர்த்தியின் குழு இதையும் ஆராய்ந்திருக்கிறது. ஒழுங்கின்றி வந்து சேரும் சிற்றலைகளுக்கு 500 மடங்கு என்று முன்னே சொன்னேன், நினைவிருக்கிறதா? 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அலைகளில், அடுத்த கம்பெனிக்காரருக்குப் பலகை ஒரு தற்செயல் பலகையே. அது அவருக்குச் சராசரியாகக் கேடு செய்வதில்லை, சில்லுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சிறிது நன்மையே செய்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அயலார் நட்ட மரத்தின் நிழல் நமக்கும் விழுந்தால் வேண்டாம் என்போமா?

பெங்களூரையும் டோக்கியோவையும் சொல்கிறீர்களே, இந்த வட்டாரத்துக்கும் இந்தச் சாஸ்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990-களில் கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையை நம் நாட்டுக்கென்றே மலிவாக உருவாக்கினார்கள். அது மதுரைக்கு அருகே மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய நிலையங்களாக வந்து இறங்கிற்று. அதே ஐ.ஐ.டி.யின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 5ஜி சோதனைக் களம் 2022-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் தொடங்கப்பட்டது. சோதனைக் களம் இருக்கிறது, ஆய்வாளர் இருக்கிறார்கள், இல்லாதது, அடிவார ஊர்களின் நிழலைப் பற்றிய துல்லியமான கணக்கு.

அந்தக் கணக்கை யார் எழுதுவது? கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இந்த ஊர்ப் பள்ளியில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் அமைப்புகள் பகுதியில் அலையின் வலிமை டெசிபெல் அளவில் காட்டப்படுகிறது. அது மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 80 என்றால் நல்ல அலை, மைனஸ் 110-ஐத் தாண்டினால் நிழல். பத்து டெசிபெல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள். செட்டியார்பட்டியிலிருந்து சேத்தூர் வழியாகத் தேவதானம் வரை, தெருத் தெருவாக, எல்லாக் கம்பெனிகளின் சிம்மையும் கொண்டு அளந்து பாருங்கள். காலையில் ஒரு முறை, மக்கள் எல்லாரும் வீடு திரும்பிய இரவில் ஒரு முறை; கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழையில் தழை நனைந்து கனக்கும்போது ஒரு முறை. அலையைப் பெருக்கும் கருவியை மட்டும் அனுமதியின்றி வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம், அயலாருக்கும் இடையூறு.

அளக்கும்போது இன்னொன்றையும் உடன் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு நிழலிலும் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, எந்த வேளையில் எத்தனை பேர் அங்கே கூடுகிறார்கள், அவர்களில் நடப்பவர் எத்தனை, ஓரிடத்தில் அமர்ந்து தைப்பவரும் படிப்பவரும் எத்தனை என்ற தொகையும் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தத் தொகை இல்லாமல் அங்கே அசையும் பலகை வேண்டுமா, அசையாத பலகை வேண்டுமா என்று எந்தப் பொறியாளராலும் சொல்ல முடியாது.